பத்து மணிக்கு ஒரு கிண்ணம் கௌப்பி

காலை பத்து மணிக்கு மேசையில் வைத்த அவித்த கௌப்பிப் பயறு பதினொரு மணிக்கும் வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் சீவி நறுக்கிய கரட், வெள்ளரிப்பிஞ்சு, நாலாக வெட்டிய கொய்யாப்பழம். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மீன் வெட்டிய கண் என்னுடையது. ஒரு துண்டு குறைந்திருந்தாலும் தெரிந்திருக்கும். கிண்ணத்தைச் சுற்றி வந்த ஒரேயொரு இலையான்தான் அன்றைக்கு என் விருந்தை ஏற்றுக்கொண்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. உலகத்தின் வடக்கு முனையில் வெள்ளைக்காரனுக்கு மேலாளாக நின்று வேலை வாங்கியவன் நான். நீர்வேலியில் பதினொரு பேரை ஒரு கிண்ணம் கௌப்பி தின்ன வைக்க முடியாமல் நின்றேன்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல வெளியே போய் விழுந்தவர்களுக்கும் முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நான் பண்டத்தரிப்பில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் முடிவாகவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமந்தேன். இருபத்தேழு வயதில் நோர்வேக்குப் போய், மரமே முளைக்காத ஒரு கடற்கரையில் மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரண்டு வருடத்துக்குள் அந்தக் கரையில் என்னைவிட விரைவாக ஒரு கொட் மீனில் முள்ளெடுக்க ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? கையெழுத்தைத் தவிர வேறொன்றையும் ஒழுங்காக எழுதத் தெரியாமல் போனவன் அங்கே போர்மன் ஆனேன். இரண்டு பிள்ளைகளைப் பொறியியல் படிப்பித்தேன். ஓய்வு எடுத்ததும் சும்மா இருக்கப் பிடிக்காமல் நீர்வேலியில் ஒரு கொட்டகை போட்டேன். தோட்டங்களிலிருந்து வருகிற வாழைக்குலைகளைச் சீப்புச் சீப்பாக வெட்டி, கழுவி, துடைத்து, பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வேலை. பதினொரு பேர், பெரும்பாலும் பெண்கள். வருடத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்று என் காலம் போகிறது. மனைவி பேரப்பிள்ளைகளை விட்டு அசைய மாட்டாள்.

இந்தக் கொட்டகையில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. நாள் முழுக்க வாழைப்பழத்துக்கு நடுவில் நிற்கிற சனம் பத்து மணிக்குத் தின்பது வாழைப்பழம் இல்லை. சரியாக அந்த நேரத்துக்குப் பாணும் பணிஸும் விற்கிற பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அந்தப் பாட்டின் முதல் சுருதி கேட்டதும் கத்தியெல்லாம் கீழே போகும். வாசல் படலையடியில் கூட்டம். சீனி தூவிய பணிஸ், ஜாம் பணிஸ், எண்ணெய் சொட்டுகிற ரோல்ஸ், கையளவு வாய்ப்பன். அதற்கு மேல், கரண்டி நிமிர்ந்து நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி. பாதிப் பேர் காலையில் வீட்டில் ஒன்றும் தின்னாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஓடி வருகிறவர்கள். அந்தப் பணிஸ்தான் அவர்களுடைய முதல் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லோருக்கும் கொட்டாவி வரும். அப்போது வெட்டுகிற சீப்புகளில்தான் கத்தி தவறிப் பழத்தில் படும். நான் கண்டும் காணாமல் இருந்தேன். வளர்ந்த மனிதர்கள் தின்பதில் தலையிடுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

தலையிட வைத்தவள் தவமணி. கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு நிற்கிறவள், ஐம்பது தாண்டியவள். பழத்தைத் தொட்டுப் பார்த்தே எது கொழும்புவரை தாங்கும், எது வழியில் வவுனியாவிலேயே பழுத்துவிடும் என்று சொல்லுவாள். நான் ஊரில் இல்லாத ஆறு மாதமும் கொட்டகை அவளுடைய கையில்தான். ஒரு நாள் கழுவுகிற தொட்டியடியில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அது இருப்பது அவளுக்கு முன்பே தெரியும், எங்களுக்குத்தான் சொல்லவில்லை. காலையில் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்து, பத்து மணிக்கு ஜாம் பணிஸ் தின்று நாளை ஓட்டியிருக்கிறாள். அன்று பின்னேரம் அவளுடைய மகள் சுகந்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். பண்டத்தரிப்பில் பள்ளிக்கூட ரீச்சர். என் ஊரில் படிப்பிக்கிற பிள்ளை என்பதால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"ஐயா, அம்மாவை இனி வேலைக்கு விடேலாது. வீட்டிலை இருக்கட்டும்."

"வீட்டிலை இருந்து என்னடி செய்யிறது? சுவரையே பார்க்கிறது?" என்றாள் தவமணி. முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. வாய் மட்டும் வழமைக்குத் திரும்பியிருந்தது. "எனக்கு விசர்தான் பிடிக்கும். இஞ்சை நாலு பேரோடை கதைச்சுச் சிரிக்கிறதாலைதான் நான் உயிரோடை இருக்கிறன்."

"சிரிச்சுச் சிரிச்சுத்தானே அம்மா விழுந்தனீங்கள்?"

நான் நடுவில் புகுந்தேன். புகுவது என் பழக்கம். "பிள்ளை, எனக்கு ரெண்டு மாதம் தா. அடுத்த கிளினிக் வரைக்கும். நோர்வேயிலை வேலைத்தலத்திலை என்னெண்டு சாப்பிடுறது எண்டதை நான் கரைச்சுக் குடிச்சவன். இந்தக் கொட்டகையிலை பணிஸ் இருந்த இடம் தெரியாமல் போகும். சீனி இறங்காட்டில் நானே உன்ரை அம்மாவைக் கொண்டுவந்து வீட்டிலை இருத்துறன்."

சுகந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு மாதம்தான் ஐயா. பேந்து நான் கதைக்க மாட்டன்." தவமணி என்னைப் பார்த்த பார்வையில், தன் மிச்சக் காலத்தை என் கையில் தருகிற ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்குத்தான் நான் கௌப்பி அவித்தேன்.

நான் வீம்புக்குச் சொல்லவில்லை. நோர்வேக்காரன் தின்பது கண்ணுக்கு அழகில்லை; ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வீட்டிலிருந்து கடதாசியில் சுற்றிய கறுப்புப் பாண் துண்டு கொண்டு வருவான். அதற்கு 'மாத்பக்கே' என்று பெயர். இரண்டு துண்டுக்கு நடுவில் மெல்லியதாக ஒரு சீஸ், அவ்வளவுதான். இடைவேளைக்குக் கரட்டைக் கழுவிப் பச்சையாகக் கடிப்பான், எங்கள் தோட்டத்து முயலைப் போல. சாப்பாட்டு அறையின் நடுவில் ஒரு பெட்டி நிறைய அப்பிளும் தோடம்பழமும் கிடக்கும். ஐஸ் தண்ணீரில் எட்டு மணி நேரம் கை வைத்து நிற்கிற வேலை, ஒருவனும் நடுவில் தளர்ந்து விழ மாட்டான். நான் அதைப் பார்த்துப் படித்தேன். எழுபது வயதில் என் உடம்பில் சீனியும் இல்லை, கொழுப்பும் இல்லை. வாய்க்கொழுப்பு மட்டும் இருக்கிறது என்று மனைவி சொல்லுவாள்.

ஆக, அதே முறையை நீர்வேலியில் இறக்கினேன். கொட்டகையின் நடுவில் ஒரு மேசை, அதில் வெள்ளை விரிப்பு. விடியற்காலையில் நானே எழும்பிக் கௌப்பியோ பயறோ அவித்து, கரட் சீவி, சுத்தமான மூடி போட்டுப் பத்து மணிக்குக் கொண்டுவந்து வைப்பேன். வைத்துவிட்டு, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் பங்கைத் தின்பேன். பாண்காரனிடம் இனி இந்தப் படலையடியில் பாட்டுப் போடாதே என்று சொன்னேன். அவன் நல்ல பிள்ளை, பாட்டை நிறுத்திவிட்டான்; ஓட்டோவை நிறுத்தவில்லை. ஒழுங்கை முடக்கில், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சத்தமில்லாமல் நின்றான். பத்து மணியானால் என் கொட்டகைப் பெண்களுக்கெல்லாம் ஒருவர் பின் ஒருவராக வெளியே போக வேண்டி வந்தது. திரும்பி வருகிறவர்களின் மேலுதட்டில் சீனி மினுங்கியது.

நான் கேட்டுப் பார்த்தேன். "ஏன் பிள்ளையள், ஒருத்தரும் தின்னேல்லை?"

"வேண்டாம் ஐயா, வயிறு நிறைவு" என்று ஒரே குரலில் பதில் வந்தது. ரஞ்சி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெட்டி அடுக்குகிறவள், நாக்கு நீளம். "நாங்கள் படையல் எண்டெல்லோ நினைச்சம் ஐயா. வைரவருக்கு வடைமாலை, எங்கடை ஐயாவுக்குக் கரட்மாலை" என்றாள். கொட்டகை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. நன்றி கெட்ட சனம் என்று நினைத்தேன். நோர்வேயில் இப்படி ஒருவன் அவித்து வைத்தால் நிமிடத்தில் காலியாகிவிடும் என்று நினைத்தேன்.

எரிச்சலை விடக் கவலைதான் பெரிது. தவமணி மகளுக்குப் பயந்து பணிஸை விட்டுவிட்டாள். என் கிண்ணத்தையும் தொடவில்லை. பத்து மணிக்குச் சீனியில்லாத தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பவும் கத்தியைத் தூக்குவாள். மூன்றாம் கிழமை ஒரு நாள், தூக்கிய குலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் ஒரு குலையில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. மேசை நாலு அடி தூரத்தில் இருந்தது. நான் பாய்ந்து போனேன்.

"தங்கச்சி, அங்கை கிடக்கே! எடுத்துத் தின்ன வேண்டியதுதானே?"

அவள் வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "கிடக்குதுதான் அண்ணை. கிடக்கிறதை எடுத்துத் தின்ன நாங்கள் என்ன காகமே?"

ரஞ்சி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். தவமணி விடவில்லை.

"மூண்டு கிழமையா வைக்கிறியள். ஒரு நாளாவது 'எடு பிள்ளை' எண்டு ஒரு சொல் சொன்னியளே? வைச்சிட்டு உள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு, கறுமுறு எண்டு தனியக் கடிக்கிறியள். தனியத் தின்னுறவரின்ரை மேசையிலை நாங்கள் என்னெண்டு கை வைக்கிறது? ஆருக்கோ வைச்சிருக்கிறார் எண்டுதான் நினைச்சம். கொழும்பிலை இருந்து ஆரும் பெரிய ஆக்கள் வருகினமாக்கும் எண்டு."

நான் போய்க் கொஞ்சம் கௌப்பியை அள்ளி அவள் கையில் வைத்தேன். "தின் தங்கச்சி" என்றேன். "வேண்டாம் அண்ணை" என்றாள், வழக்கப்படி. "தின்" என்றேன் திரும்பவும். தின்றாள். அவள் தின்று முடிக்கும்வரை நான் அந்த ஈரத் தரையில் குந்திக்கொண்டு இருந்தேன். இருந்த இடத்திலேயே நாற்பது வருடம் பின்னால் போனேன்.

அந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் மாதம். சாப்பாட்டு அறையின் நடுவில் அதே அப்பிள் பெட்டி. நான் வாழ்க்கையில் முழுசாக ஒரு அப்பிள் தின்றதில்லை. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்தால்தான் ஒரு பழம் வாங்கி ஆறாக வெட்டுவார்கள். அதில் ஒரு பங்கு வரும். இங்கே ஒரு பெட்டி நிறைய. எல்லோரும் வருகிறார்கள், எடுக்கிறார்கள், கடிக்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர்கூட எடு என்று சொல்லவில்லை. எவ்வளவு கல் மனம் பிடித்த சனம் என்று நினைத்தேன். நாள் முழுக்கத் தோளோடு தோள் நின்று மீன் வெட்டுகிறோம், ஒரு பழம் தின்னச் சொல்ல இவர்களுக்கு மனம் வரவில்லையே. முழுதாக ஒரு மாதம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே என் காய்ந்த பாணைத் தின்றேன். மணத்தை மட்டும் உள்ளே இழுத்தேன்.

என் பக்கத்தில் நின்று வெட்டியவள் இங்கர் என்கிற கிழவி. கிழவி என்று அப்போது நினைத்தேன். என் இப்போதைய வயதைவிடக் குறைவாகத்தான் அவளுக்கு இருந்திருக்கும். ஒரு நாள் அவள் மிகவும் பக்குவமாக, கை ஜாடையும் அரைகுறை ஆங்கிலமுமாக என்னிடம் கேட்டாள்: உன்னுடைய மதத்தில் அப்பிள் விலக்கா? தொழிற்சாலை முழுக்க அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தார்களாம். பாவம், அவன் முன்னால் வைத்துத் தின்ன வேண்டாம் என்று இரண்டு பேர் மூலையில் போய் இருந்து தின்றார்களாம். நான் எனக்குத் தெரிந்த நாலு சொல்லைக் கூட்டி, ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எதைக் கேட்பது? பெட்டியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். அது உன்னுடையதுதானே, உன்னுடையதை எடு என்று உனக்கு நான் எப்படிச் சொல்வது? அது உன்னை அவமதிப்பது இல்லையா? அதுதான் அவள் சொன்னதன் சாரம். பிறகு எழும்பிப் போய், பெட்டியில் மிகப் பெரிய அப்பிளாகத் தேடி எடுத்து, தன் ஏப்ரனில் துடைத்து, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினாள். "வார் சோ கூ" என்றாள். எடுங்கோ என்பதற்கு அங்கே அதுதான். மீன் செதிள் ஒட்டிய அந்த அப்பிளைப் போல ருசியாக இன்றுவரை ஒன்றும் நான் தின்றதில்லை.

அப்படி ஒரு மாதம் அப்பிளுக்கு வாடியவன், அதே வேலையை நீர்வேலியில் பதினொரு பேருக்குச் செய்திருக்கிறேன். நோர்வேக்காரனிடம் கரட் தின்னப் படித்த கெட்டிக்காரன், எடு என்று கேளாமல் வைத்துவிட்டுப் போகவும் அவனிடமே படித்திருக்கிறேன். எப்போது படித்தேன் என்று எனக்கே தெரியாது. எத்தனையோ விடயத்தில் என்னை நானே மெச்சிக்கொள்பவன். அன்றைக்கு அந்த ஈரத் தரையில் மெச்ச ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் மேசையைத் தூக்கி வெளியே போட்டேன். மூலையில் கிடந்த வாழையிலையைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த பயறு. வாளியைத் தூக்கிக்கொண்டு கரண்டியோடு நான் வரிசையில் வந்தேன், கோயில் அன்னதானத்தில் வருகிறது போல. "வேண்டாம் ஐயா" என்றார்கள். "பிடி" என்றேன். "கொஞ்சம் போதும் ஐயா" என்றார்கள். "தோட்டக்காரன் பெண்சாதிக்கு இவ்வளவு காணுமே? பிடியடி!" என்று இன்னொரு கரண்டி போட்டேன். ரஞ்சி இலையை மூடிக்கொண்டாள். "ஐயா, சத்தியமா வேண்டாம்." விரலிடுக்கால் போட்டேன். பிறகு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து நானும் தின்றேன். பத்து நிமிடத்தில் வாளி காலி. வாளியின் அடியைச் சுரண்டியவள், சத்தியமா வேண்டாம் என்ற அதே ரஞ்சி.

அதன்பிறகு அது என் கையில் இல்லை. தாளிதம் போதாது என்று மறுநாளே எனக்குச் சமையல் படிப்பித்தார்கள். ஒருத்தி வறுத்த கச்சான் கடலை கொண்டு வந்தாள். ஒருத்தி கொய்யாவுக்கு உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டிக்கொண்டு வந்தாள். என் பச்சைக் கரட்டை எலுமிச்சம்புளியும் பச்சை மிளகாயும் போட்டுச் சம்பலாக்கினார்கள். நோர்வேக்காரன் கண்டால் அழுவான், ஆனால் கரட் கரட்தான். தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டியாக இறங்கியது. சிலர் அதையும் விட்டுவிட்டுப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். தவமணிக்கு அதுவும் இல்லை என்பதை மற்றவர்களே காவல் காத்தார்கள். முடக்கில் காத்துநின்ற பாண்காரனை ரஞ்சி கையோடு கூட்டி வந்தாள். "பாவம் ஐயா, அவனும் விடிய ஒண்டும் தின்னாமல்தான் ஓடுறான்." அவனுக்கும் ஒரு இலை. மூன்று முறை வேண்டாம் என்றான், முறைப்படி. இப்போது பாட்டோடு படலைக்கே வருகிறான், தட்டு முழுக்க ஆட்டா மாப்பாண் அடுக்கியபடி. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் வாங்குகிறார்கள். பணிஸ் ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் சில மேலுதடுகள் இன்னும் மினுங்குகின்றன.

இரண்டு மாதம் முடிந்த அன்று சுகந்தி வந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிளினிக் கொப்பியோடு நேராக என்னிடம் வந்தாள். எல்லாக் கத்தியும் நின்றுவிட்டது. தவமணி தொட்டியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய சீப்பையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"இறங்கியிருக்கு ஐயா" என்றாள் சுகந்தி. "இன்னும் சரியான இடத்துக்கு வரேல்லை. ஆனால் நல்லா இறங்கியிருக்கு. குளிசையை விடாமல், நேரத்துக்கு இப்பிடியே சாப்பிடட்டாம்." கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். "அம்மா வரட்டும்."

நான் வாயைத் திறக்குமுன் ரஞ்சி விசில் அடித்தாள். தவமணி திரும்பவேயில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இலையில் கச்சானும் கொய்யாவும் வைத்து மகளிடம் நீட்டினாள். "எடு பிள்ளை."

"எனக்கு வேண்டாமம்மா, அரை நாள் லீவுதான், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

"எடுடி எண்டுறன்!" மற்றப் பத்துப் பேரும் ஒரே குரலில் "எடுங்கோ ரீச்சர்" என்றார்கள். என் ஊரில் படிப்பிக்கிற பிள்ளை எங்களுக்கு முன்னால் நின்று, கடைவாயால் கொய்யாவைக் கடித்துக்கொண்டே அழுதாள். நான் சுன்னாகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கும் கண்ணுக்குள் ஏதோ விழுந்திருந்தது.

இப்போது இதை நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். கோடை காலம், காலை ஆறரைக்கெல்லாம் வெயில் சமையலறை மேசையில் படுத்திருக்கும். வெளியே கடற்காகம் கத்தும். முன்னால் ஒரு தட்டில் சீவிய கரட்டும் ஒரு அப்பிளும் இருக்கும். என் வீடு, என் மேசை, என் அப்பிள். நாற்பது வருடம் யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்றவன்தான் நான். ஆனால் இந்த முறை திரும்பி வந்ததிலிருந்து தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். "ஏன் தின்னாமல் இருக்கிறியள்?" என்று மனைவி கேட்கிறாள். நேரம் வரட்டும் என்கிறேன்.

நேரம் வரும். நீர்வேலியில் பத்து மணி அடிக்கும்போது, இங்கே ஆறரைக்கு, என் தொலைபேசி அடிக்கும். திரையில் முதலில் ஒரு வாளி தெரியும், பிறகு தவமணியின் முகம், அவளுக்குப் பின்னால் பச்சைக் குலைகள், ரஞ்சியின் பல். வாழையிலையில் கௌப்பியை வைத்து, திரை மறைகிற அளவுக்கு எனக்குக் கிட்ட நீட்டுவாள்.

"எடுங்கோ அண்ணை."

"வேண்டாம் தங்கச்சி" என்பேன். "இப்பத்தான் தேத்தண்ணி குடிச்சனான்."

"கொஞ்சம் எடுங்கோ அண்ணை."

"வயிறு நிறைவு, தங்கச்சி."

"சும்மா எடுங்கோ எண்டுறன்!"

மூன்றாம் தரம் கேட்டபிறகு மறுப்பது மரியாதை இல்லை. நீர்வேலியிலிருந்து வந்த சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, நான் கையை நீட்டி நோர்வேயில் கிடக்கிற அப்பிளை எடுக்கிறேன்.